குழாயடியில் உட்கார்ந்திருந்த அக்கா

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. லைன் அக்கா என்றுதான் சொல்வோம். பால்காரர் அப்படித்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் நிற்கிற பங்குச் சாமியாரும் அப்படித்தான் சொன்னார் என்று கேள்வி. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால், ஏரிக்கரை சரிந்து முடிகிற இடத்தில் எங்கள் தெரு. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி அங்கே வந்தபோது அதைத் தெரு என்று சொல்வதற்கு மனசு வராது. எல்லைக்கல் நட்ட மனைகள், நடுவில் மழை பெய்தால் காலை விடாத களிமண் தடம், அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடுகள், பூசாமல் நின்ற செங்கல் சுவர்கள். கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் வந்து மனை வாங்கியிருந்தார்கள். காசிமேட்டுப் பக்கமிருந்து லைன் அக்காவின் குடும்பம், பூந்தமல்லியிலிருந்து தையல்கார பாய் வீடு, ஆரணியிலிருந்து ஒரு நெசவுக் குடும்பம், செங்கல்பட்டிலிருந்து எங்கள் மாமனார். யாருக்கும் யாரையும் தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் தெரிந்துகொண்டது குழாயடியில்தான்.

கிணறு தோண்டினால் தண்ணீர் வரத்தான் வந்தது. ஆனால் சிவப்பாக வந்தது. வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போலிருக்கும். அதில் துவைத்த வெள்ளை வேட்டி ஒரு மாதத்தில் பழுப்பாகிவிடும். குடிக்கவும் சமைக்கவும் தெரு முனையில் நகராட்சி போட்டிருந்த ஒற்றைக் குழாயை விட்டால் வேறு வழியில்லை. அதில் விடிகாலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். சில நாள் மதியம் வரும். சில நாள் காற்று மட்டும் வரும்.

அந்தக் குழாய்க்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல், லைன் அக்கா உட்கார்ந்திருப்பார்.

உயரமான பெண்மணி. குடம் சுமந்து சுமந்து இடுப்பு ஒரு பக்கமாக வெளியே தள்ளியிருக்கும். கணுக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடக்கும். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கழுத்தில் பழுப்புக் கயிற்றில் மாதா படம் தொங்க, கையில் எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பார். பிரம்பு கிடையாது, சத்தம் கிடையாது. எப்படிக்கா இருக்கீங்க என்று கேட்டால், "கீறேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நல்லா என்றோ, பரவாயில்லை என்றோ சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவரை அங்கே உட்காரச் சொன்னது யாரும் இல்லை. என் மாமியார்தான் அந்தக் கதையைச் சொன்னார். நான் வருவதற்கு முந்தைய வருஷம், கோடைக்காலம். மூன்று நாள் வராமல் இருந்த தண்ணீர் திடீரென்று வந்திருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் குழாய் மேல் விழுந்திருக்கிறார்கள். அந்த நெரிசலில் நிறைமாதமாக இருந்த ஒரு பெண் சிமெண்டு மேடையில் போய் விழுந்தாள். குழந்தை தங்கவில்லை. யார் தள்ளியது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும்தான் தள்ளினார்கள். அந்தக் குடும்பம் பிற்பாடு வந்த விலைக்கு மனையைக் கொடுத்துவிட்டு ஊருக்கே போய்விட்டது. அவள் விழுந்த மறுநாள் விடிகாலையில் ஜனங்கள் குடத்தோடு வந்தபோது அக்கா அங்கே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். முதலில் வந்தவளைப் பார்த்து, இங்கே நில் என்று கையைக் காட்டினார். அடுத்தவளுக்கு அவள் பின்னால் கையைக் காட்டினார். அவ்வளவுதான். அன்றைக்கு யாருக்கும் சண்டை போடத் தெம்பு இல்லை. சொன்ன இடத்தில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகி, லைன் அக்கா என்ற பெயரும் வந்துவிட்டது. ஒரு முறைக்கு இரண்டு குடம். மறுபடி வேண்டுமென்றால் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஆள் இல்லாமல் குடத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனால் குடம் ஓரமாக நகர்த்தப்படும். கல்லையும் பிய்ந்த செருப்பையும் வரிசையில் வைத்து இடம் பிடிக்கிற பழக்கம் பக்கத்துத் தெருக்களில் உண்டு. எங்கள் தெருவில் அது செல்லாது. "கல்லு தண்ணி குடிக்குமா?" என்று கேட்டுவிட்டு அக்கா அதைக் காலால் தள்ளிவிடுவார்.

எனக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் பாடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஷிப்டுக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். மாமியாருக்கு முட்டி வலி, தண்ணீர் நான்தான் பிடிக்க வேண்டும். வந்த புதிதில் ஒரு நாள் வரிசை நீண்டு கிடந்தது. நேரே அக்காவிடம் போய், பஸ் போய்விடும், இன்றைக்கு மட்டும் முன்னால் விடுங்கள் என்று கேட்டேன். புது மருமகள், வேலைக்குப் போகிறவள், மறுக்க மாட்டார் என்று நினைத்தேன்.

"என்னாண்ட கேட்டா? மொற இன்னா என்னுதா, எடுத்துக் குடுக்க? உனக்கு முன்னால நிக்கிறவங்களக் கேளு கண்ணு. குடுத்தாங்கன்னா வாங்கிக்கோ."

முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அவமானமாக இருந்தது. முன்னால் நின்றவர்களிடம் கேட்க வாய் வரவில்லை. அன்றைக்குப் பேருந்து போய்விட்டது, அரை நாள் சம்பளமும் போனது. ஒரு வாரம் அவர் பக்கம் திரும்பாமலே தண்ணீர் பிடித்தேன்.

பிறகு ஒரு நாள் வேறு வழியில்லாமல், எனக்கு முன்னால் நின்ற பாய் வீட்டம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பின்னால் போய் நின்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு வீட்டில் விருந்தாளிகள். எனக்கு அன்று மதிய ஷிப்டு. அவருக்காக நான் பின்னால் போனேன். இப்படித்தான் அந்தத் தெருவில் எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருடைய கம்பெனியில் கதவடைப்பு, யார் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கவில்லை எல்லாமே முறையை மாற்றிக்கொள்ளும்போது தெரிந்துவிடும். கேட்கிறவள் காரணம் சொல்ல வேண்டுமே. ஏரிக்கரை வரைக்கும் பேருந்து வந்தது, ரேஷன் கடை வந்தது, தெருவிளக்கு வந்தது. அதற்கெல்லாம் யார் போய் மனுக் கொடுப்பது என்று பேசி முடித்ததும் அந்த வரிசையில் நின்றபடிதான். அக்கா எதிலும் கலந்துகொள்ள மாட்டார். வாளியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

கட்சிக்காரர் ஒருவர் தெருவின் நடுவில் மாடி வைத்து வீடு கட்டினார். அவர் வீட்டு ஆள் குடங்களைக் கொண்டுவந்து வரிசையின் தலையில் அடுக்கினான். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். சில நாளில் அந்த மனிதர் குழாய் ரிப்பேர் செய்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். குழாயை எடுத்துத் தன் வீட்டு வாசலுக்கு எதிரே போடப் போவதாகவும், ஆபீசில் பேசிவிட்டதாகவும், அது தெருவுக்கு நடுவாக இருப்பதால் எல்லோருக்கும் வசதி என்றும் சொன்னார். ஆண்கள் எல்லாம் ஷிப்டுக்குப் போய்விட்ட நேரம். அக்கா எழுந்திருக்கவில்லை. வாளியைக் குழாய்க்கு அருகில் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டு, குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எடுத்துனு போ. என்னையும் சேத்து எடுத்துனு போ" என்றார்.

கட்சிக்காரர் சிரித்தார். சரி, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாய் பார்க்கிறேன் என்று ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றார். அப்போதுதான் பெண்கள் ஒவ்வொருவராக வீட்டிலிருந்து குடத்தோடு வந்தார்கள். குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அது தண்ணீர் வருகிற நேரமும் இல்லை. ஆனாலும் வந்து வரிசையில் நின்றார்கள். எனக்கு அன்று வாராந்தர விடுமுறை, நானும் நின்றேன். வெயில் ஏறியது. ரிப்பேர்க்காரர் சாப்பிடப் போகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. கட்சிக்காரரும் பிற்பகலில் போய்விட்டார்.

சில வாரம் கழித்து அவர் மனைவியே குடத்தை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். முணுமுணுப்பு எழுந்தது. அக்கா எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டது. அந்த அம்மாவின் முறை வந்ததும் மற்றவர்களைப் போலவே இரண்டு குடம் பிடித்துக்கொண்டு போனார்.

இதையெல்லாம் சொன்னால் எல்லோரும் அவரைக் கொண்டாடினோம் என்று தோன்றும். அப்படி இல்லை. அவருடைய ஒரே மகள் அவரோடு சரியாகப் பேசி நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிற முதல் நாள். தீட்டு வேறு. வீட்டில் தண்ணீர் இல்லை. அக்கா குழாயடியில்தான் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீரும் வருகிறது. ஆனால் வரிசை நீளமாகக் கிடக்கிறது. மகள் குடத்தோடு முன்னால் வந்து நின்று அம்மாவைப் பார்த்தாள். முன்னால் நின்றவர்கள் எல்லோரும் நீ பிடித்துக்கொள் என்று சொன்னோம். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"என் பொண்ணுன்னு இன்னிக்கி உட்டா, நாளைக்கி எவள நிக்கச் சொல்றது?"

அந்தப் பெண் கிணற்றிலிருந்து சிவப்புத் தண்ணீரை இறைத்துக் குளித்துவிட்டுப் பரீட்சைக்குப் போனாள். நன்றாகத்தான் எழுதினாள், பாஸ் செய்தாள். ஆனால் அம்மாவிடமிருந்து அன்றைக்கு நகர்ந்தவள் நகர்ந்தவள்தான். பிற்பாடு பருத்திப்பட்டில் கட்டிக்கொடுத்தார்கள். ஆவடி தாண்டி என்ன பெரிய தூரம், ஒரே பேருந்துதான். வருஷத்துக்கு ஒரு முறை கிறிஸ்துமசுக்கு வருவாள். ஒரு தடவை என்னிடம், எங்கம்மா என்னைப் பெத்ததோட சரி, வளர்த்ததெல்லாம் உங்க தெருவைத்தான் என்று சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது சிரிப்பில்லை. அக்கா செய்தது சரியா தப்பா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. எனக்குப் பெண் பிறந்த பிறகு, தப்பு என்றே பட்டது.

அக்காவின் வீட்டுக்காரரை நாங்கள் அண்ணன் என்போம். வார்ப்படப் பட்டறையில் வேலை. நெருப்பும் தூசியுமாகப் பல வருஷம். இருமல் முதலில் வேலையைக் கெடுத்தது, பிறகு தூக்கத்தைக் கெடுத்தது, பிறகு அவரைக் கட்டிலில் போட்டது. கம்பெனி மூடியபோது அவரும் மூடிக்கிடந்தார். அக்கா காலையில் குழாயடி, பிறகு எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலை, சாயங்காலம் வந்து அவரைப் பார்த்துக்கொள்வது என்று ஓடிக்கொண்டிருந்தார். ஓடிக்கொண்டிருந்தார் என்று எழுதிவிட்டேன். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கால் தேய்த்துத் தேய்த்து நடப்பார். வாளியில் வந்து உட்காரும்போது உடம்பு முழுவதையும் இறக்கி வைப்பது போல உட்காருவார். சில நாள் உட்கார்ந்தபடியே கண் மூடிவிடும். அப்போதும் வரிசை கலையாது. அவர் விழிக்கிற வரை எங்களில் ஒருத்தி கையைக் காட்டுவாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. அதைப் போல ஒரு வறட்சியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. ஏரி வெடித்துக் கிடந்தது. பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். கிணற்றில் அந்தச் சிவப்புத் தண்ணீரும் வற்றிவிட்டது. குழாயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால் விடிந்ததிலிருந்து வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தோம். அப்படி ஒரு நாள் மதியம்தான் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

செய்தி வந்ததும் பெரியவர்கள் சிலர் எழுந்து அவர் வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் இளையவர்கள் வரிசையிலேயே இருந்தோம். அதில் தப்பாக ஒன்றுமில்லை. குழாயை விட்டுப் போனால் அன்றைக்கு எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. காசிமேட்டிலிருந்து உறவுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மகளுக்கு ஆள் போயிருந்தது. உடலைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். வீட்டில் இருந்த தண்ணீர் அவருடைய கடைசி இரண்டு நாளுக்கே சரியாகப் போயிருந்தது.

அக்கா வீட்டிலிருந்து வெளியே வந்தார். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். தலை கலைந்திருந்தது. உறவுக்காரப் பெண் ஒருத்தி பின்னாலேயே வந்து, குடத்தை என்னிடம் கொடுங்கள் என்று கெஞ்சினாள். அவர் கொடுக்கவில்லை. தெருவில் நடந்து வந்து, வரிசையின் கடைசியில் நின்றார். வாளி குழாய்க்குப் பக்கத்தில் ஆளில்லாமல் கவிழ்ந்து கிடந்தது.

முன்னால் வாருங்கள் என்று எல்லோரும் சொன்னோம். வயசான ஒரு அம்மா கையைப் பிடித்து இழுத்தார். அக்கா அசையவில்லை. "வரும். நிக்கிறேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் குழாய் இருமியது. காற்று சீறியது. பிறகு தண்ணீர் வந்தது. முதலில் நின்றது பாய் வீட்டம்மா. விடியற்காலையில் இருந்து நிற்கிறார். வீட்டில் பிள்ளைகள். குழாய்க்குக் கீழே வைத்த குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவர் குடத்தை எடுத்தார். விழுந்த தண்ணீரை மேடையிலேயே சாய்த்துவிட்டு, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்தவள் ஒரு நிமிஷம் நின்றாள். அவளும் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கடுத்தவள் போனாள். கட்சிக்காரர் மனைவி போனார். நானும் என் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் தெரு முழுக்க வெயில். குழாய் ஒரு முனையில் தானாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது. மறுமுனையில் அக்கா தனியாக நிற்கிறார். அவருக்கும் குழாய்க்கும் நடுவில் ஒருத்தரும் இல்லை.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். வர மாட்டாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மேடையிலிருந்து தண்ணீர் வழிந்து மண்ணில் ஓடத் தொடங்கியது.

"தண்ணி வீணா போவுதுடி" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. நடந்து போய்க் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தார். இரண்டு குடமும் நிரம்பியது. ஒன்றை இடுப்பில் வைத்து, மற்றதைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். அவர் உள்ளே போகிற வரைக்கும் யாரும் வெளியே வரவில்லை. நாங்கள் மறுபடி குடத்தோடு போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் நின்றுவிட்டது. அன்றைக்கு எங்கள் தெருவில் வேறு ஒரு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. என் மாமியார் காலையில் மிஞ்சியிருந்த சோற்றில் மோரை ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். யாரும் குறை சொல்லவில்லை. அந்தத் தெருவில் நான் இருந்த காலத்தில் நாங்கள் செய்த நல்ல காரியம் அதுதான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனை அடக்கம் செய்து, சடங்கெல்லாம் முடிந்து, அக்கா மறுபடி வாளிக்கு வந்தார். முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை, புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெண் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். கெட்டவள் இல்லை. நாத்தனாருக்கு வளைகாப்பு, வீடு நிறைய ஜனம். வழக்கம் போல அக்கா, முன்னால் நிற்கிறவர்களைக் கேள் என்றார். அவள் கேட்கவில்லை.

"அன்னிக்கு உங்களுக்கு எல்லாரும் விட்டோமேக்கா. இன்னிக்கு எங்க வீட்ல விசேஷம், எனக்கு விடக் கூடாதா?"

வரிசையில் யாரோ உஸ் என்றார்கள். பாய் வீட்டம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆமா. விட்டீங்க" என்றார்.

எழுந்து வாளியை இழுத்துத் தள்ளிப் போட்டு, அவளுக்கு வழி விட்டார்.

மறுநாள் ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். அதற்கு மறுநாள் ஒருத்தி வீட்டில் ஊரிலிருந்து ஆள் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாமே உண்மையான காரணம்தான். அக்கா ஒவ்வொருத்திக்கும் வழி விட்டார். அந்த மாதம் முடிவதற்குள் வரிசை என்று ஒன்று இல்லாமல் போயிற்று. ஒரு நாள் இரண்டு பேர் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு, கடைசியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றவர்களோடு நின்றுகொண்டார். அதற்குப் பிறகு அவர் குழாயடியில் உட்காரவே இல்லை.

சில வருஷத்தில் வீட்டுக்கு வீடு குழாய் இழுத்தார்கள். தெருக் குழாயைப் பிடுங்கியதும் குழாயடிக் கூட்டமும் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. முதலில் மாடி வீட்டில் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினார்கள், பிறகு அடுத்த வீட்டில், பிறகு எல்லோரும். தெருவின் கடைக்கோடியில் இருந்த வீடுகளுக்குத் தண்ணீர் எட்டவில்லை. அக்காவின் வீடு கடைக்கோடி. எங்கள் வீடு அதற்கு இரண்டு வீடு முன்னால். கடைக்கோடியில் இருந்த நாங்கள் எல்லோரும் தரையில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, குழாயைப் பள்ளத்துக்குள் இறக்கி, உள்ளே இறங்கி நின்று தண்ணீர் பிடித்தோம். தாழ்ந்த இடத்துக்குக் கொஞ்சம் வரும்.

மாமனாரும் மாமியாரும் போன பிறகு, முகப்பேரில் வீட்டு வசதி வாரியத்து ஃபிளாட் ஒன்று கிடைத்து நாங்கள் கிளம்பினோம். சொல்லிக்கொண்டு வரலாம் என்று ஒரு பிற்பகல் அக்கா வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான் இருந்தார். மகள் கூப்பிட்டிருக்கிறாள், இவர் போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் கால் இரண்டையும் ஒரு பலகை மேல் நீட்டி வைத்திருந்தார். கால் வீங்கியிருந்தது. எப்படிக்கா இருக்கீங்க என்றேன். கீறேன் என்றார்.

ஃபிளாட்டைப் பற்றிக் கேட்டார். எத்தனையாவது மாடி, தண்ணீர் எப்படி என்று கேட்டார். மேலே தொட்டி இருக்கிறது, எப்போது திறந்தாலும் வரும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். வெகுநாளாக மனதில் கிடந்ததை அப்போது கேட்டேன். அன்றைக்கு நாங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனது தப்பா, அதனால்தான் எல்லாம் கெட்டதா என்று.

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்க மேல தப்பு இன்னா கீது. நீங்க நல்ல மனசுல போனீங்க. நான்தான். அந்த மனுசன் உள்ள கெடக்கிறாரு, எனக்கு நிக்க முடியல. முன்னால போவணும்னு எனக்கே இருந்துச்சி. நீங்க எல்லாம் போனதும், இன்னா சொல்றது, அப்பாடான்னு இருந்துச்சி." பலகை மேல் காலை நகர்த்தி வைத்தார். "பெத்த பொண்ணுக்கு உடல. எனக்குன்னு வந்தப்ப வாங்கிக்கினேன். அப்பால எந்த வாயால இன்னொருத்திய நில்லுன்றது?"

நாங்களாகத்தானே கொடுத்தோம், நீங்கள் கேட்கவில்லையே என்றேன்.

"கேக்கல. ஆனா வோணும்னு இருந்துச்சி. அன்னிக்கி முடியல கண்ணு, அவ்ளோதான்."

அதில் வருத்தமோ கோபமோ இல்லை. பல வருஷமாக வைத்திருந்து தேய்ந்துபோன ஒன்றைக் கீழே வைப்பது போலச் சொன்னார். காபி போடட்டுமா என்று கேட்டுவிட்டு, பாலில்லை என்று அவரே சொன்னார்.

அப்போது பின்பக்கம் பள்ளத்துக்குள்ளிருந்து குழாய் சீறுகிற சத்தம் கேட்டது. அக்கா பலகையிலிருந்து காலை இறக்கினார். எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு காலை மறுபடி மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

"நீ போயி புடிச்சிக் குடுத்துட்டுப் போறியா?"

சேலையைச் செருகிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கிக் குந்தினேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. தலைக்கு மேல் அவர் வீட்டுச் சுவரும் கொஞ்சம் வானமும் தெரிந்தன. குழாயிலிருந்து தண்ணீர் நூல் போல இறங்கியது. குடத்தின் வாயை அதற்குச் சரியாகப் பிடித்துக்கொண்டேன்.

"வருதா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

வருதுக்கா என்றேன்.

"வரட்டும். மெதுவா வரட்டும்" என்றார்.